கொம்பில்லாத மாட்டை எங்கே பிடிப்பது

ஞாயிற்றுக்கிழமை காலை வானகரம் மார்க்கெட்டில் மீன் வாங்கி வந்து பின்பக்கம் உட்கார்ந்து ஆய்ந்துகொண்டிருந்தேன். பாதி சங்கராவுக்குச் செதில் எடுத்தாகிவிட்டது. அப்போது பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் போனில் அழைத்தார். அவர் அழைத்தால் ஏதாவது புகாராகத்தான் இருக்கும். சாணி, கொசு, அதுவும் இல்லையென்றால் நாற்றம். அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கத்தியைக்கூடக் கீழே வைக்காமல் "சொல்லுங்க சார்" என்றேன்.

"உங்க மாடு வடிகால் பள்ளத்துல விழுந்துடுச்சும்மா. வீட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்க."

"எந்த மாடு சார்?"

"கொம்பில்லாதது."

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டார். படிக்கட்டில் தடதடவென்று இறங்கினார், செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினார். நான் கையைக் கழுவாமலே பின்னால் ஓடினேன். அந்த மீன் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருப் பூனைகளுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மாட்டுக்கு அது நிறைமாசம். இன்றைக்கோ நாளைக்கோ கன்று போட வேண்டியது.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். நானும் அங்கேதான், வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை. புகுந்த வீட்டாருக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. நிலம் போய் அதன்மேல் அடுக்குமாடி வந்து நிற்கிறது. மாடு வளர்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. விடிந்ததும் கறந்துவிட்டு எஸ்டேட்டுக்கு ஓடுவார், வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபடி தொழுவத்துக்கு ஓடுவார். எனக்கு மாடே ஆகாது. தாய் வீட்டில் ஒரு கோழிகூட வளர்த்ததில்லை. மூன்று மாட்டுக்கு நடுவில் வாழ்க்கைப்பட்டோமே என்று மூக்கைப் பொத்திக்கொண்டே பல வருஷம் ஓட்டிவிட்டேன்.

அடுக்குமாடிக்காரர்கள் குடிவந்த பிறகு வம்பு ஆரம்பித்தது. எங்கள் மாடு ஒன்று அவர்கள் கேட்டருகே தலையைத் திருப்பியிருக்கிறது. ஈயை விரட்டத்தான் திருப்பியது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அதன் கொம்பைப் பார்த்து அலறிவிட்டாள். அன்று மாலையே சங்கத்துக் கூட்டம். கொம்பு மாடு தெருவில் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நானாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். எங்கள் நிலத்தில் வீடு வாங்கிவிட்டு எங்கள் மாட்டுக்குச் சட்டம் போடுகிறீர்களா என்று. என் வீட்டுக்காரருக்குச் சண்டை வராது. தலையை ஆட்டிவிட்டு வந்தார். மற்ற இரண்டையும் தொழுவத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு, அடுத்த வாரம் குத்தம்பாக்கம் பக்கம் போய், அந்தக் கொம்பு மாட்டைக் கொடுத்துவிட்டு ஒரு மோழையைப் பிடித்து வந்தார்.

மோழை என்றால் கொம்பில்லாத மாடு. பிறவியிலேயே இல்லையா, கன்றாக இருக்கும்போதே கொம்பின் குருத்தைச் சுட்டுவிட்டார்களா என்பது விற்றவருக்கே தெரியவில்லை. கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் மேடாக, மயிர் அடர்ந்து, தலை சீவாத பிள்ளை போல இருந்தது. என் வீட்டுக்காரர் வம்சத்தில் இதுவரை யாரும் மோழை வைத்துக்கொண்டதில்லை. மாட்டுப் பொங்கலுக்கு மற்ற இரண்டுக்கும் கொம்பில் நீலமும் சிவப்பும் அடித்துவிட்டு இதற்கு எங்கே அடிப்பது என்று தெரியாமல் டப்பாவும் கையுமாக நின்றார். பங்காளி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இன்னா மாமே, மாடுன்னு சொல்லி உன்கிட்ட கழுதைய தள்ளிட்டானுங்களா?" என்று கேட்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ளாமல் மஞ்சளைக் குழைத்து அதன் நெற்றி முழுக்கப் பூசினார்.

அடுக்குமாடியில் அதற்கு வேறு மரியாதை. சங்கச் செயலாளர் கம்பெனி வேலையாகச் சில வருஷம் ஸ்காட்லாந்தில் இருந்தவர். எங்கள் மாட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு அங்க ஹம்லின்னு பேரும்மா. நான் இருந்த பக்கம் பண்ணை பண்ணையா இதுதான் நிக்கும். ஒண்ணுக்கும் கொம்பு இருக்காது" என்றார். அன்றிலிருந்து அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு அது ஹம்லி. வாழைப்பழத் தோல் கொண்டுவந்து ஊட்டுவார்கள், நெற்றியைத் தடவுவார்கள், கூட நின்று செல்ஃபி எடுப்பார்கள். கொம்பு மாட்டைப் பார்த்து அலறிய அதே பெண் இதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்ததை நான் பார்த்தேன். கொம்புதான் இல்லை, மற்ற எடை எல்லாம் அப்படியேதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் புகார் சொல்லாமல் இருப்பதே போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாடு பள்ளத்தில் விழக் காரணமும் கொம்பில்லாததுதான். என் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம். சினை மாட்டுக்கு மாசம் நிறைந்துவிட்டால் மூக்கணாங்கயிற்றை எடுத்துவிடுவார்கள். கழுத்துக் கயிற்றையும் தளர்த்திவிடுவார்கள், ஒரு கை தாராளமாக உள்ளே போய் வர வேண்டும். தாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே கன்றும் கட்டுண்டு நின்றுவிடும் என்று நம்பிக்கை. கொம்பு மாட்டுக்கு இதனால் ஒன்றும் கெடாது. கயிறு எவ்வளவு தளர்ந்தாலும் தலை வழியாக வரும்போது கொம்பில் மாட்டிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாகக் கொம்பு மாட்டையே கட்டிப் பழகிய கை, மோழைக்கும் அதே முடிச்சைப் போட்டது. அது குனிந்து தலையை ஒரு உதறு உதறியிருக்கும். கயிறு கீழே, மாடு வெளியே. கன்று போட ஒதுக்குப்புறம் தேடிப் போன மாடு, அடுக்குமாடிக்குப் பின்னால் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த மண்மேட்டில் புல்லைப் பார்த்து ஏறியிருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் பள்ளத்துக்குள் இருந்தார்.

ஆளுயரத்துக்கும் மேல் ஆழம். ஒரு வாரம் விடாமல் பெய்து அன்றுதான் மழை விட்டிருந்தது. பள்ளத்தில் செந்தண்ணீர், மாட்டின் வயிறு வரைக்கும். அகலம் குறைவு, மாடு திரும்ப முடியாது. அதன் முகத்துக்கு எதிரே இரண்டடி தள்ளி, காங்கிரீட் போடுவதற்காகக் கட்டிவிட்ட கம்பிகள் வரிசையாக மேல்நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன. வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள், காவலுக்கு ஒரு கிழிந்த பிளாஸ்டிக் நாடா. மாடு முன்னால் பாய்ந்தால் கம்பி நெஞ்சில் ஏறும். அவர் மாட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் நின்றுகொண்டு அதன் தாடையைக் கையில் ஏந்தி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மற்றொரு கையை மெல்ல நீட்டி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"கன்னு ஆடுது மே" என்றார் என்னைப் பார்த்து. அவர் முகத்தில் சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. கயிறு வந்தது. "கொம்புல போடு, கொம்புல போடு" என்று ஒருவர் கத்தினார், கத்திய பிறகுதான் தலையைப் பார்த்தார். இருந்தாலும் பழக்கம் விடவில்லை, சுருக்குப் போட்டு வீசினார்கள். விழும், வழுக்கி வந்துவிடும். மறுபடி வீசினார்கள். பிறகு கழுத்தில் போட்டு இழுத்தார்கள். மாட்டின் நாக்கு வெளியே வந்து, கண் பிதுங்கிவிட்டது.

"வுடு, வுடு, செத்துடும்" என்று என் வீட்டுக்காரர் கீழேயிருந்து அலறினார். விட்டார்கள். அவரே காதுக்குப் பின்னால் சுற்றி மூக்கோடு சேர்த்து ஒரு முகக்கயிறு கட்டிப் பார்த்தார். மேலேயிருந்து இழுத்ததும் அது மூக்கை அடைத்தது, மாடு தலையை உதற, ஈரக்கயிறு காதைத் தாண்டிக் கழன்று தண்ணீரில் விழுந்தது. சுற்றிலும் அத்தனை ஆண்கள், அத்தனை கயிறு, அந்த மாட்டைப் பிடிக்க மட்டும் ஓர் இடம் இல்லை.

செயலாளர் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியிருந்தார். வண்டி வந்தது. அதிகாரியும் நாலைந்து வீரர்களும். அதிகாரி பள்ளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். கரையில் ஓர் இடத்தில் நின்று பூட்ஸால் மெல்ல அழுத்தினார். என் வீட்டுக்காரர் நிற்கும் பக்கம், கரையோரமாக மண்ணில் நீளமாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. நான் அதை அப்போதுதான் பார்த்தேன். அதன் பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

வடிகால் வேலைக்கு வந்த ஜேசிபி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தது. கொட்டகையில் படுத்திருந்த டிரைவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். தீயணைப்பு வண்டியின் தண்ணீர்க் குழாயையே பட்டை போல மடித்து, முன்னங்காலுக்குப் பின்னால் ஒன்று, பின்னங்காலுக்கு முன்னால் ஒன்று கட்டித் தூக்குவது என்று முடிவாயிற்று. வயிற்றில் படக் கூடாது, உள்ளே கன்று.

"தலைதான் பிரச்சனை" என்றார் அதிகாரி. "தூக்கும்போது முன்பக்கம் சாயும். கொம்பு இருந்தா ரெண்டு கயிறு போட்டு மேலேயே இழுத்துப் பிடிச்சுக்குவோம். இது நேரா கம்பியில போய்க் குத்திக்கும். யாராவது கீழே நின்னு தலையைப் பிடிச்சுத் தள்ளணும். என் ஆள் ஒருத்தர் இறங்குவார். நீங்க ஏறி வந்துடுங்க."

வீரர் இறங்கினார். அவர் கைபட்டதுமே மாடு நெற்றியால் ஒரு இடி இடித்தது. அந்த மனிதர் கரையில் போய் மோதினார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அதுவரை அதன் நெற்றியைத் தடவியவர்கள் எல்லாம் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்கள். வீரர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏணியில் ஏறி வந்தார்.

"புது ஆளுகிட்ட நிக்காது சார்" என்றார் என் வீட்டுக்காரர். "நானே புடிச்சுக்கிறேன்."

"அப்படி விட முடியாது. கரை எப்ப வேணா சரியும்."

"அப்ப தூக்காதீங்க. நான் இப்டியே நின்னுக்கிறேன்."

அவ்வளவு சாந்தமாகச் சொன்னார். சண்டையே போடத் தெரியாதவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த மனுஷன். மண்டியிட்டுக் குனிந்து கத்தினேன்.

"யோவ், மேல வா. மாடு போனா போவட்டும்."

"ரெண்டு உசுரு மே."

"அப்ப நீ இன்னா? உனக்கு உசுரு இல்லையா? எனக்கு இன்னா கீது நீ போய்ட்டா?"

அவர் மாட்டின் காதைத் துடைத்துவிட்டார். அந்த நிமிஷம் அந்த மாட்டை நான் வெறுத்தேன். வாய்விட்டே சொன்னேன், அது சாகட்டும் என்று. நிறைசினை மாட்டைப் பார்த்து ஒரு பொம்பளை பேசுகிற பேச்சா என்று யாரோ பின்னாலிருந்து முணுமுணுத்தார்கள். திரும்பிப் பார்த்தேன். சத்தம் அடங்கியது.

அதிகாரி யோசித்தார். வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது, அடுத்த மழை வந்தால் மாடும் இருக்காது, கரையும் இருக்காது. கடைசியில் என் வீட்டுக்காரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும், மாடு கம்பியைத் தாண்டியதும் விட்டுவிட்டு ஏறிவிட வேண்டும் என்று சொன்னார். இரண்டு வீரர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்கள் எதிர்க்கரைக்குப் போய், நீளக் கம்பால் குழாய்ப்பட்டைகளை மாட்டின் அடியில் நுழைத்து, ஜேசிபியின் கையில் மாட்டிவிட்டு அங்கேயே நின்றார்கள்.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. ஜேசிபியில் உட்கார்ந்தால் டிரைவருக்குப் பள்ளத்தின் அடி தெரியாது. பார்த்துச் சைகை காட்ட ஓர் ஆள் வேண்டும்.

"அவள நிக்க வையுங்க சார்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "அவ பாத்துக்குவா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாடு சாகட்டும் என்று சொல்லி இன்னும் வாய் மூடவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன் தன் உயிரையும் மாட்டின் உயிரையும் என் கையில் கொடுக்கிறார். செயலாளர் என் தோளைத் தொட்டு டிரைவருக்குத் தெரிகிற மாதிரி மெல்லக் கரையோரத்தில் நிறுத்தினார். டிரைவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் போல இருந்தது பேச்சு.

"அக்கா, நீ கையத் தூக்கினா நான் தூக்குவேன். எறக்கினா நிறுத்திடுவேன். வேற எவன் கத்தினாலும் காதுல வாங்க மாட்டேன். உன் கைதான் எனக்குக் கணக்கு. சரியா?"

தலையாட்டினேன். கையில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. கையைத் தூக்கினேன்.

இயந்திரம் உறுமியது. குழாய்ப்பட்டைகள் இறுகின. மாடு ஒருவிதமாக முனகியது, அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முதுகு மேலே வந்தது, வயிறு வந்தது, அதிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சொன்னது போலவே முன்பக்கம் சாய்ந்தது. தலை நேராகக் கம்பியைப் பார்த்துப் போனது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் தாடையைக் கட்டிக்கொண்டு, தன் கன்னத்தை அதன் நெற்றியில் வைத்து அழுத்தி, முழு பலத்தோடு மேலே தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கம்பி ஒன்று மாட்டின் மார்பை உரசிக் கோடு போட்டது. குத்தவில்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே கையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

அப்போது விரிசல் வாயைத் திறந்தது.

சத்தமே இல்லை. முதலில் ஒரு கட்டி நழுவி அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தது கரையே பெயர்ந்து, படுக்கையிலிருந்து மெத்தை சரிவது போல மொத்தமாகச் சரிந்தது. இடுப்பு வரை மண். கண்ணை மூடித் திறப்பதற்குள் நெஞ்சு வரை. அப்போதும் அவர் கை தாடையை விடவில்லை.

"நிறுத்து, நிறுத்து" என்று எல்லாரும் கத்தினார்கள். அதிகாரி எதிர்க்கரையிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். கயிற்றைப் பிடித்திருந்த வீரர்கள் இழுத்தார்கள், அவர் அசையவில்லை, மண் அவ்வளவு இறுக்கிவிட்டது. டிரைவர் யாரையும் பார்க்கவில்லை. என் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடு அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது. ஈரக் குழாயில் ஊசலாடியது. பள்ளத்தின் அகலம் முழுக்க அதுதான்.

நான் கையை இறக்கவில்லை.

இறக்கவில்லை என்பதோடு, இன்னும் வேகமாக என்று மேலே மேலே ஆட்டினேன். மாடு சட்டென்று எழும்பியது. அதன் தாடை அவர் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. கால்கள் அவர் தலையை ஒட்டிக் கடந்தன, ஒரு குளம்பு தோளில் இடித்தது. அவர் தலை பின்னால் சாய்ந்தது. மாடு கரைக்கு மேல் வந்து, ஜேசிபியின் கை திரும்பி, அந்தப் பக்கம் தரையில் இறங்கியது. அது இறங்கியதைக் கேட்டேன், பார்க்கவில்லை. அதற்குள் இன்னொரு கட்டி மண் விழுந்து அவர் கழுத்து வரை மூடிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவில் இருக்கிறது. வீரர்கள் குதித்தார்கள். நானும் குதித்திருக்கிறேன். ஏணியில் இறங்கியதாக நினைவில்லை. மண்வெட்டி போட்டால் உடம்பில் படும் என்று கையால் வாரினோம். அவர் வாய் மண்ணுக்குச் சற்று மேலே திறந்து திறந்து மூடியது, மூச்சு உள்ளே போகும் சத்தமே இல்லை. நெஞ்சின் மேலிருந்த மண்ணை வாரிய பிறகுதான் ஒரு மூச்சு வந்தது, விசில் போல. பிறகு கயிற்றை இழுத்து, அக்குளில் கை கொடுத்து, சேற்றிலிருந்து அவரை உருவி எடுத்தார்கள்.

மேலே வந்ததும் அதிகாரி என்னிடம்தான் நேராக வந்தார். "நிறுத்துன்னு கத்தினேனேம்மா. நீங்க பாட்டுக்குக் கையைத் தூக்கிக்கிட்டே நிக்கிறீங்க." மண் அப்பிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கை தட்டியது. என் வீட்டுக்காரருக்கு இல்லை, மாட்டுக்கு. அது நாலு காலில் நின்று உடம்பை உதறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் "ஹம்லி, ஹம்லி" என்று கத்தினார்கள். செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "நிக்குதா?" நிற்கிறது என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

தோள்மூட்டு விலகியிருந்தது. ஒரு விலா எலும்பில் கீறல். கையைத் தூளி போலக் கழுத்தோடு கட்டி, பாரம் தூக்கக் கூடாது, மாட்டுப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்த நான் பால் கறக்கக் கற்றுக்கொண்டேன். முதல் சில நாள் பால் வாளியில் விழுந்ததைவிட என் புடவையில் விழுந்ததுதான் அதிகம்.

மோழை அந்த வாரமே நின்ற நிலையில் சுகமாகக் கன்று போட்டது. பெண் கன்று. தெருப் பெண்கள் மஞ்சள் குங்குமத்தோடு வந்தார்கள். அடுக்குமாடியிலிருந்து இனிப்பு வந்தது. யாரோ எடுத்த வீடியோ எல்லார் போனிலும் சுற்றியது, கோமாதாவைக் காப்பாற்றிய வீரப் பெண் என்று கீழே எழுதி, பூப் போட்டு, கும்பிடு போட்டு. எஸ்டேட்டில் என் சூப்பர்வைசர்கூட அதைக் காட்டிப் பாராட்டினார். மாடு சாகட்டும் என்று நான் சொன்னது அந்த வீடியோவில் இல்லை.

இவர் வேறு வருகிறவர்களிடம் எல்லாம் அதே கதை. கட்டில் மேல் சாய்ந்துகொண்டு, "எல்லாரும் நிறுத்து நிறுத்துன்றாங்க. ஆபீசரே கத்துறாரு. இவ கைய எறக்கவே இல்லியே. கீழேந்து அந்தக் கையத்தான் பாத்துகினே இருந்தேன். எனக்காகப் பயந்துகினு எங்க எறக்கிடுவாளோன்னுதான் பயந்தேன். மாட்டைக் கண்டாலே ஆவாதுன்னு சொல்லிகினு இருந்தவ, அதுக்காக என்னையே வுட்டுட்டா பாரு" என்பார். அதில் குறை இல்லை, பெருமை. அவ்வளவு பெருமையாக அவர் என்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குள் ஏதோ கரித்துக்கொண்டே இருந்தது. மாட்டுக்காக உன்னை விட்டேனா? நானா?

ஒரு சாயங்காலம் மோழையைக் கறந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் புதிதாக யாரோ வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார்கள், மறுபடி அதே கதை. அவர்கள் போன பிறகும் இவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கறப்பதை நிறுத்தினேன்.

"இன்னொரு தபா அந்தக் கதைய சொல்லாத."

"இன்னா மே, உண்மையத்தான சொல்றேன்."

"உண்மையா? நான் மாட்டுக்காக ஒண்ணும் நிக்கல. அது குறுக்க தொங்கினு இருந்துச்சு. அது இருந்தா எவனும் உன்கிட்ட எறங்க முடியாது. அது மேல போனாத்தான் உன்னைத் தோண்டி எடுக்க முடியும். அதுக்குத்தான் தூக்குன்னு ஆட்டினேன். அந்தப் பட்டை அறுந்து, அது அந்தப் பக்கம் வுழுந்து, கன்னோட செத்துருந்தாலும் நான் திரும்பிப் பாத்திருக்க மாட்டேன். எனக்கு மாடு வேணாம். கன்னும் வேணாம். எனக்கு நீதான் வேணும். அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான்."

சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, பால் வாளி தெரியவில்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோழை அசைபோட்டுக்கொண்டு, ஒரு காதை எங்கள் பக்கம் திருப்பி நின்றது.

"மெதுவா பேசு" என்றார். குரல் உடைந்திருந்தது. "அதுக்குக் காது கேக்குது."

பிறகு கட்டுப்போடாத கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். கை முழுக்கப் பால். மிச்சப் பாலைக் கன்றே குடித்துக்கொள்ளட்டும் என்று அன்றைக்கு விட்டுவிட்டோம்.